பேச்சுக்குக் கூப்பிட்ட விருந்து

கிமிலிலி பக்கம்,
வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

என் தாயி நெலிமாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அப்பா சுகம், பசு சுகம், மே மாதம் பிறந்த கன்று துள்ளுகிற துள்ளலைப் பார்த்தால் அது நம் எல்லோரையும்விட சுகம். அங்கே நீயும் அப்படியே என்று நம்புகிறேன் என எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்த முறை எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் நீ அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த உறையில் தபால்தலை ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பார். ஒட்டியிருந்தால் ஒன்றும் அவசரம் இல்லை, வேலை முடிந்து வந்து மெதுவாகப் படி. ஒட்டவில்லை என்றால், இதை உன் கையில் கொடுத்த பெண் இன்னும் உன் வாசலில்தான் நின்றுகொண்டிருப்பாள். அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வை. டீ போட்டுக் கொடு, பால் நிறைய ஊற்று, அந்த ஊர்க் கறுப்புத் தண்ணீரைக் கொடுக்காதே. அதற்கப்புறம் படி. அவள் யார் என்று நான் சொல்கிறேன்.

மே மாதம் நீ ஃபோனில் சொன்னதை உனக்கு ஞாபகப்படுத்த எனக்கு இஷ்டமில்லை, ஆனால் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. முதியோர் இல்லத்தில் உன்னோடு வேலை பார்க்கிற ஒருத்தி, ‘ஒரு நாள் உன் வீட்டுக்கு வரணும், உங்க ஊர்ச் சாப்பாடு சாப்பிடணும்’ என்று சொன்னாள். நீ உடனே ஞாயிற்றுக்கிழமை என்றாய். அவள் ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்றாள். அதை நம்பி நீ மூன்று கடை ஏறி இறங்கி மக்காச்சோள மாவு தேடிப் பிடித்து, முழுக் கோழி சமைத்து, உகாலிக் களி கிண்டி, நல்ல துணி உடுத்திக்கொண்டு, மத்தியானத்திலிருந்து இருட்டும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்தக் கோழியை நாலு நாள் நீ ஒருத்தியே தின்றாய். ‘இருபத்திரண்டு மாசத்துல பார்சல்காரனைத் தவிர ஒருத்தரும் என் கதவைத் தட்டலம்மா, டிசம்பர்ல நான் ஒரேயடியா வந்துடறேன்’ என்று நீ சொல்லும்போது உன் அப்பாவும் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். உடனே எழுந்து பசுவைக் கறக்கப் போய்விட்டார். பசுவை அன்றைக்கு ஏற்கெனவே கறந்தாகிவிட்டது. எனக்கு அந்த நாளிலிருந்து வேறு நினைப்பே இல்லை. அந்தப் பெண்ணை நான் பேர் தெரியாமலே ரெண்டு மாதம் திட்டியிருக்கிறேன். அடுப்பு ஊதும்போது திட்டினேன், பாத்திரம் தேய்க்கும்போது திட்டினேன், சர்ச்சில்கூட ஒரு தடவை.

ஜூன் கடைசியில் நம் தலைமையாசிரியர் பரசா பள்ளிக்கூடத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டார். இங்கிலாந்திலிருந்து ஒரு பெண்கள் பள்ளி வருகிறதாம், ஒன்பது பிள்ளைகள், ஒரு டீச்சர். பள்ளிக்கூடத்து மத்தியானச் சாப்பாடு, மருந்தகத்தின் பிரசவ அறை, விதவைகள் சங்கத்து ஆடுகள் என்று அவர்கள் ஊர்த் தொண்டு நிறுவனம் நம் பக்கத்தில் செய்கிற காரியங்களையெல்லாம் எட்டு நாள் சுற்றிப் பார்ப்பார்களாம். எந்த ஊர் என்று கேட்டேன். டார்லிங்டன் என்றார். நான் வீட்டுக்கு ஓடிப்போய், நீ ஸ்வெட்டர் அனுப்பிய பார்சலிலிருந்து கிழித்து வைத்திருந்த விலாசத்தை எடுத்துக்கொண்டு வந்து, ஏழாம் வகுப்புச் சுவரில் இருக்கிற உலகப் படத்தில் ரெண்டு ஊரையும் காட்டச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, தேடித் தேடி, கடைசியில் கட்டைவிரலை வைத்து ‘இதான் டார்லிங்டன்’ என்றார். உன் டரம் எங்கே என்றேன். ‘அதுவும் இதான், விரலுக்கு அடியில’ என்றார். நெலிமா, அந்தக் கட்டைவிரலை நான் எப்படிப் பார்த்தேன் என்று உனக்கு எழுதிக் காட்ட முடியாது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியைப் பிடித்து, என் மகள் வீட்டுக் கதவை ஒரு தடவை தட்டு என்று சொல்லிவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

ஆனால் அன்றைக்கே பரசா என் வாயைக் கட்டிவிட்டார். எல்லோரையும் உட்காரவைத்து, ‘கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், மழைத்தண்ணித் தொட்டி. என் பையனுக்கு ஷூ, என் வீட்டுக்குத் தகரம்னு ஆளாளுக்கு ஆரம்பிச்சீங்கன்னா, போன தடவை வந்தவங்க மாதிரி இவங்களும் ஆளுக்கொரு பலூனைக் கொடுத்துட்டு போயிடுவாங்க’ என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நானூறு பிள்ளைகளும் தினமும் ஓடையிலிருந்து ஆளுக்கொரு கேன் தண்ணீர் தூக்கி வந்தால்தான் நான் சமைக்கிற பள்ளிக்கூட அடுப்பில் பயறு வேகும், அது எனக்குத் தெரியாதா. அதனால் சரி என்று தலையாட்டினேன். அவர் அதோடு விடவில்லை, ஒரு வாரம் ஒத்திகை வேறு நடத்தினார். உங்களுக்கு என்ன தேவை என்று அவரே வெள்ளைக்கார டீச்சர் மாதிரிக் குரலை மாற்றிக் கேட்பார், நாங்கள் வரிசையாகத் தொட்டி தொட்டி என்று சொல்ல வேண்டும். என்னோடு சமைக்கிற நபுவிலேயை உனக்குத் தெரியுமே, அவள் இதை உருப்போட்டு உருப்போட்டு, நிஜமான டீச்சர் வந்து உங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டபோது, பத்தாயிரம் லிட்டர் என்று பதில் சொன்னாள்.

பிள்ளைகள் வந்த நாள் நல்ல மழை. கரும்பு லாரிகள் போய்ப் போய்ப் பாதை சேறாகிக் கிடந்ததால் அவர்கள் வண்டி கரும்பு நிறுக்கிற எடைமேடையைத் தாண்டி வரவில்லை, அங்கிருந்து நடந்தே வந்தார்கள். வந்ததும் நேராக என் சமையல்கட்டுக்குள் கூட்டிவந்தார்கள். ஒன்பது பேரும் உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் கண்ணீர் விட ஆரம்பித்தார்கள். பரசாவுக்கு ஒரே சந்தோஷம், பிள்ளைகள் மனசு இளகிவிட்டது, தொட்டி வந்த மாதிரிதான் என்று என் காதில் சொன்னார். விறகு ஈரம் சார், புகை என்றேன். மறுநாள் உகாலி கிண்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அந்தப் பெரிய துடுப்பை மூன்று பேர் சேர்ந்து பிடித்தார்கள். கட்டி கட்டியாக வந்ததை நம் பிள்ளைகள் மரியாதைக்காக மென்று விழுங்கினார்கள். அப்புறம் நாலாம் வகுப்புச் சுவருக்கு நீல வண்ணம் அடித்து, அதில் ஒரு ஒட்டகச்சிவிங்கியை வரைந்தார்கள். நம் பக்கத்தில் யார் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தது? உன் அப்பா ரொம்ப நேரம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது ஒரு வேளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும் என்று அந்த டீச்சரையே கேட்டார். அவர் பேர் மிஸஸ் ஹாலிவெல். நல்ல மனுஷி, எதைப் பார்த்தாலும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருப்பார். அந்த நோட்டுப் புத்தகம்தான் என்னை மாட்டிவிட்டது.

அந்தப் பிள்ளைகளில் ஃபிரேயா என்று ஒருத்தி. பதினாறு வயசு, மூக்கு முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும், சும்மா உட்கார வராது. திங்கட்கிழமை எல்லோரும் சுவர்ப்பக்கம் இருக்க இவள் மட்டும் என் பக்கத்தில் வந்து குந்தி, சாம்பல் போட்டுப் பயறு அண்டாவைத் தேய்த்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு நானும், அவள் கற்றுக்கொண்டு வந்த நாலு சுவாஹிலி வார்த்தையை வைத்துக்கொண்டு அவளும் பேசிக்கொண்டிருந்தோம். கையைக் கழுவிக்கொண்டு அவள் எழுந்தபோது, எல்லோரும் சொல்கிற மாதிரி நானும், ‘நம்ம வீட்டுக்கும் வாங்க எல்லாரும், ஒரு நாளைக்கு’ என்று சொன்னேன். அதற்கு அவள், ‘என்னைக்கு வரட்டும்?’ என்று கேட்டாள். எனக்கு ஐம்பத்தாறு வயசாகிறது, என் ஆயுசில் ஒருத்தரும் என்னை இந்தக் கேள்வி கேட்டதில்லை. வாங்க என்றால் ஆகட்டும் என்பார்கள், அவ்வளவுதானே. எப்ப வேணா, வியாழக்கிழமைகூட வாங்க என்று வாயில் வந்த கிழமையைச் சொல்லிவிட்டு மறந்தும் போய்விட்டேன்.

நேற்று, வியாழக்கிழமை மத்தியானம் பயறு பரிமாறிக்கொண்டிருக்கும்போது பரசா ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அச்சடித்த நிகழ்ச்சி நிரலில், ஆடுகளுக்கும் ஜெபக்கூட்டத்துக்கும் நடுவில், மூன்று மணிக்கு நெலிமாவின் அம்மா வீட்டில் விருந்து என்று, ஊர் என்னைக் கூப்பிடுகிற பேரிலேயே, பேனாவால் எழுதியிருந்தது. ‘ஏம்மா, எட்டு நாளைக்கு நான் உயிரைக் கொடுத்து புரோகிராம் போட்டா, நடுவுல நீங்க ஒரு விருந்தை சொருகுவீங்களா? என்னைக்கூட கூப்பிடலையே’ என்றார். ‘நான் யாரையுமே கூப்பிடல சார், சும்மா ஒரு பேச்சுக்கு சொன்னேன்’ என்றேன். ‘நீங்க பேச்சுக்கு சொன்னீங்க, அந்தம்மா பேனாவுல எழுதிட்டாங்க’ என்றார். நபுவிலே சிரித்த சிரிப்பில் கரண்டியைப் பயறுக்குள்ளேயே போட்டுவிட்டாள். பரசா என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்து, ‘பரவாயில்ல விடுங்க, உங்களுக்கு ஜுரம்னு நான் போய் சொல்லிடறேன்’ என்றார். நானும் சரி என்று வாயைத் திறந்துவிட்டேன், நெலிமா. அப்போதுதான் உன் ஞாயிற்றுக்கிழமை என் கண்முன்னால் வந்து நின்றது. அந்த ஒன்பது பிள்ளைகளும் விருந்து வீடு என்று சேறில்லாத பாவாடை தேடி உடுத்திக்கொண்டிருப்பார்கள். நான் ஜுரம் என்று சொல்லி அனுப்பினால், உன்னிடம் ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்று சொன்னவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவளும் என்னை மாதிரித்தான் வேலை நடுவில் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பாள், மறந்திருப்பாள், வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்திருப்பாள். ரெண்டு மாதமாக நான் திட்டிய திட்டெல்லாம் திரும்பி வந்து என் தலையிலேயே விழுந்தது. வேணாம் சார், அவங்க வரட்டும் என்று சொல்லிவிட்டுக் கரண்டியை நபுவிலேயிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். நடந்தேன் என்று மரியாதைக்கு எழுதுகிறேன், ஓடினேன்.

வீட்டில் என்ன இருக்கும் என்று உனக்குத் தெரியும். கொஞ்சம் சர்க்கரைவள்ளி, கொஞ்சம் வேர்க்கடலை, காலையில் கறந்த பால். அப்புறம் அந்தச் சிவப்புச் சேவல். நீ டிசம்பரில் வருகிறேன் என்று சொன்ன மறுநாளே உனக்கென்று உன் அப்பா ஒதுக்கிவைத்து, தான் தின்கிற மக்காச்சோளத்தில் பாதியை அதற்குப் போட்டு வளர்த்த சேவல். நான் கத்தியைத் தீட்டுவதைப் பார்த்துவிட்டு அவர் சேவலுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். ‘அது நெலிமாவுக்கு, டிசம்பருக்கு’ என்றார். ‘டிசம்பர் இன்னைக்கு மூணு மணிக்கே வருது, கொஞ்சம் தள்ளுங்க’ என்றேன். முழு விஷயத்தையும் கேட்டதும் அவர் தானே போய்ச் சேவலைப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார். உன் ஞாயிற்றுக்கிழமையை அவரும் மறக்கவில்லை.

மூன்று மணி என்று எழுதியிருந்தால் மூன்று மணிக்கே வந்துவிடுகிற ஜனங்கள் அவர்கள். சேவல் அப்போது வெந்நீரில் இருந்தது. பரசாவும் கூடவே வந்தார், யாராவது தகரம் கிகரம் என்று கேட்டுவிடுவார்களோ என்று காவல். நான் வெட்கத்தைப் பார்க்காமல் எல்லோர் மடியிலும் வேர்க்கடலையைக் கொட்டி உரிக்கச் சொன்னேன். ஃபிரேயா பின்கட்டுக்கு வந்து என்னோடு சேர்ந்து இறகு பிடுங்கினாள். முகம் ஒரு மாதிரி ஆனது, ஆனாலும் பிடுங்கினாள். அதற்குள் விஷயம் பரவி, நபுவிலே ஒரு கோழியும் ஒரு சட்டி முரேரே கீரையுமாக வந்து சேர்ந்தாள், பக்கத்து வீட்டு நாற்காலிகள் வந்தன, நாலரை மணிக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். கையில் தண்ணீர் ஊற்றுகிற சொம்பை ஃபிரேயா என்னிடமிருந்து வாங்கி, மூத்தவர்களிலிருந்து ஆரம்பித்து வரிசையாக ஊற்றினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். அந்தக் கீரையின் கொழகொழப்பைத்தான் யாராலும் கையாள முடியவில்லை, ஒருத்திக்கு விரலிலிருந்து முழங்கை வரை நூல் ஓடியது.

உன் அப்பாவின் சோதனையை இங்கே சொல்ல வேண்டும். சேவலின் இரைப்பை வீட்டுத் தலைவருக்கு, பெரிய விருந்தாளி வந்தால் அவருக்கு. கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷத்தில் அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, ஒரு தடவை பிஷப்புக்குக் கொடுத்தார், அதையும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நேற்று எழுந்து நின்று, தட்டை ரெண்டு கையாலும் பிடித்து, மிஸஸ் ஹாலிவெல் முன்னால் நீட்டினார். அந்த அம்மா ரொம்பப் பணிவாக, தப்பா நினைக்காதீங்க, நான் மாமிசமே சாப்பிடறதில்ல என்றார். நெலிமா, தட்டு திரும்பிய வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன் அப்பா அதை வாயிலே போட்டு மென்றுகொண்டே, ‘இவ்வளவு நல்ல விருந்தாளி இந்த வீட்டுக்கு வந்ததே இல்ல’ என்று சொன்னார். பரசா அதை மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் மாற்றித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

சாப்பாடு முடிந்ததும் டீச்சர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, உங்களுக்கென்று நாங்கள் என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார். இவ்வளவு நாள் நான் காத்துக்கொண்டிருந்த கேள்வி. பரசா ஒரு தடவை இருமினார். நானூறு கேன் என் கண்முன்னால் வந்து நின்றது. தொட்டி என்றேன். மழைத்தண்ணித் தொட்டி, பத்தாயிரம் லிட்டர். அவர் எழுதிக்கொண்டார். பரசா முகத்தில் சூரியன் உதித்தது, உன் கதவு என் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து ஃபிரேயா சுவரில் இருந்த உன் படத்தைப் பார்த்துவிட்டாள், பனியில் ஊதா நிறச் சீருடை போட்டுக்கொண்டு நீ சிரிக்காமல் நிற்கிற படம். யார் என்றாள். என் மகள், டரத்தில் இருக்கிறாள் என்றேன். ‘டரமா? எங்க ஊர்லேர்ந்து ரயில்ல இருபது நிமிஷம்’ என்று துள்ளி எழுந்துவிட்டாள். பரசா இன்னொரு தடவை இருமினார். நான் வாயை மூடிக்கொண்டு எல்லோருக்கும் டீ ஊற்றினேன்.

அதற்கப்புறம் அவர்கள் கிளம்பினார்கள். வாசலில் நின்று கையாட்டி, போய்வருகிறோம் என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தேன். மாமரம் வந்ததும் மறுபடியும் போய்வருகிறோம் என்றார்கள். நான் மறுபடியும் நடந்தேன். பரசாவும் டீச்சரும் முன்னால் தொட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள், உன் அப்பா பின்னால் யாருக்கோ பசு எப்படி அசைபோடும் என்று செய்து காட்டிக்கொண்டு வந்தார், ஃபிரேயா மட்டும் என் பக்கத்தில் வந்து, ‘நீங்க ஏன் வர்றீங்க? இவ்வளவு தூரமும் மறுபடி திரும்பி நடக்கணுமே’ என்று கேட்டாள். விருந்தாளியை வாசலோட விட்டுட்டா விரட்டின மாதிரி ஆயிடும், பாதி வழியாவது கூட வரணும் என்றேன். அது மட்டும் இல்லை என்பது உனக்குத் தெரியும். வீட்டுக்குள் பல பேர் காது இருக்கும், நிஜமான பேச்சு இந்தப் பாதி வழியில்தான் வரும். கடன் கேட்கிறவனும் இங்கேதான் கேட்பான், பெண் கேட்கிறவனும் இங்கேதான் ஆரம்பிப்பான். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன்.

கரும்புக்காட்டு ஓரமாக நடந்துகொண்டே உன் ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். கோழியைச் சொன்னேன், ஜன்னலைச் சொன்னேன். உனக்குக் கோபம் வரலாம், வந்தால் வரட்டும். அவள் அப்படியே நின்றுவிட்டாள். ‘எங்க அம்மா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வாங்க, ஒரு நாள் வாங்கன்னு. யாரும் வர மாட்டாங்க. அதுக்கு அப்படி அர்த்தம் இல்ல’ என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குத் தெரியும், நானும் உன்கிட்ட அப்படித்தான் சொன்னேன் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். ‘அப்ப இன்னைக்கு விருந்தே கிடையாதா?’ என்றாள். ‘மத்தியானம் வரைக்கும் எனக்கே தெரியாது, அந்த சேவலுக்கும் தெரியாது’ என்றேன். அவள் முதலில் முழு முகமும் சிவந்து, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நானும் சிரித்தேன், முன்னால் போன டீச்சர் திரும்பிப் பார்த்தார். ‘நீ என்னைக்குன்னு கேட்ட, வந்துட்ட, அதனால என் பேச்சு பொய்யாகாம போச்சு’ என்று சொன்னேன்.

எடைமேடை வந்துவிட்டது. அங்கே வண்டி நின்றது. அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு உன்னை வழியனுப்ப வந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. நைரோபி வரைக்கும் பஸ்ஸில் உன்னோடு வந்தேன், விமான நிலையத்தில் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே காவல்காரன் என்னை நிறுத்திவிட்டான், நீ திரும்பிப் பார்ப்பதற்குள் உள்ளே கூட்டம் உன்னை மறைத்துவிட்டது. உன்னை நான் பாதி வழி கொண்டுவிடவில்லை, வாசலிலேயே விட்டுவிட்டேன் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றும். அதையும் அவளிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்து நிலம் எப்போதோ முடிந்துவிட்டது, இது பரசாவின் தொட்டியோடு சேராது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, ‘ஒரு நாள் என் மக வீட்டு கதவை தட்டும்மா’ என்று கேட்டேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் யோசித்து, ‘சனிக்கிழமை காலையில நாங்க கிளம்பறோம், அதுக்குள்ள ஒரு லெட்டர் எழுதி கொடுங்க. கையில லெட்டர் இருந்தா என்னால மறக்க முடியாது’ என்றாள். என்றைக்கு என்று நான் கேட்டேன். அவள் விரல்விட்டு எண்ணி, பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை என்றாள். அவளால் வர முடியாமல் போனால் தபாலில் போட்டுவிடுவாள், அதனால்தான் முதலில் தபால்தலையைப் பார்க்கச் சொன்னேன்.

அதோடு முடியவில்லை. நான் திரும்பி நடந்தால் பின்னால் காலடிச் சத்தம். இவள்தான். உங்களைப் பாதி வழி கொண்டுவிடறேன் என்கிறாள். மாமரம் வரைக்கும் வந்துவிட்டாள். விருந்தாளியைத் தனியாகத் திருப்பி அனுப்ப முடியுமா, நான் மறுபடியும் அவளோடு எடைமேடைக்கு நடந்தேன். டீச்சர் வண்டியிலிருந்து இறங்கி வந்து கையைப் பிடித்து ஏற்றாவிட்டால் நாங்கள் ரெண்டு பேரும் இன்னும் நடந்துகொண்டுதான் இருப்போம்.

இப்போது டிசம்பர் விஷயம். நீ வா, வராதே என்று நான் சொல்லமாட்டேன். உன் கட்டில் அப்படியே இருக்கிறது, கூரை ஒழுகிய இடத்தையும் உன் அப்பா அடைத்துவிட்டார். வந்தால் சந்தோஷமாக வா. ஆனால் யாரும் கதவைத் தட்டவில்லை என்பதற்காக மட்டும் வராதே. ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்றாளே, அவளை மன்னித்துவிடு, நானும் மன்னித்துவிட்டேன், அவள் இடத்தில் நானே இருந்து பார்த்தாயிற்று. அடுத்த தடவை அவள் அப்படிச் சொன்னால் இந்தப் பெண் கேட்ட மாதிரி என்னைக்கு என்று கேள். திணறட்டும், பரவாயில்லை, திணறினால்தான் ஒரு கிழமை வாயில் வரும். சேவலுக்காக வருத்தப்படாதே. உன் பங்கைத் தின்றவள்தான் உன் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், வேண்டுமானால் அவளையே கேட்டுக்கொள். உன் அப்பா அதற்குள் இன்னொரு சேவலுக்குத் தன் மக்காச்சோளத்தைப் போட ஆரம்பித்துவிட்டார்.

அப்பாவுக்குக் கண்ணாடி அனுப்புகிறேன் என்றாயே, மறந்துவிடாதே, ஆடு எது கன்று எது என்று தெரியாமல் நடமாடுகிறார். குளிருக்குக் காதை மூடிக்கொள். இரவு வேலை என்றால் வெறும் வயிற்றோடு போகாதே. நீ கால் வைக்கிற இடமெல்லாம் உன்னை நல்லபடியாக ஏற்றுக்கொள்ளட்டும், நீ கை வைத்துத் தூக்கி உட்காரவைக்கிற அந்த வயசானவர்களின் வாழ்த்தெல்லாம் உன்மேல் இருக்கட்டும் என்று நானும் அப்பாவும் வேண்டிக்கொள்கிறோம்.

ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். அந்தப் பெண் போக எழுந்தால் வாசலில் நின்று கையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடாதே. செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நட, ரயில் நிலையம் வரைக்கும் நட. வீட்டுக்குள் சொல்ல முடியாததை வழியில் சொல். உறையைத் திருப்பி இன்னொரு தடவை பார், நெலிமா. அதில் தபால்தலை இல்லை என்றால், அன்றைக்கு அந்தக் கண்ணாடிக் கதவோடு நின்றுபோன என் நடை இன்றைக்குத்தான் உன் வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

உன்னை வழியனுப்பி இன்னும் முடிக்காத
உன் அம்மா
நமல்வா